ஷெர்லக் ஹோம்ஸ் எந்த டைப்?

சென்ற மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். மகள் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார்களாம். மகளுக்கு வந்த விடை ஐ.என்.டி.ஜே. என்ற நான்கு எழுத்து. நெட்டில் தேடினால் ஷெர்லக் ஹோம்ஸும் அதே டைப் என்று போட்டிருக்கிறதாம். அன்றிலிருந்து வீட்டில் எதைக் கேட்டாலும் அந்த நான்கு எழுத்துதான் பதில். பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோரும் உடைந்து அழுதுகொண்டிருக்க, இவள் மட்டும் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாளாம். கேட்டதற்கு, “என் டைப் அப்படிம்மா. ஹோம்ஸ் மாதிரி. எங்களுக்கு ஃபீலிங்ஸ் கிடையாது” என்றாளாம்.

‘அப்படி ஒரு டைப் நிஜமாகவே இருக்கிறதா?’ என்று முடித்திருந்தார் அந்த அம்மா.

மகளை நான் பார்த்ததில்லை. அவளைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் ஹோம்ஸைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். நான்கு நாவல், ஐம்பத்தாறு சிறுகதை. அத்தனையும் சாட்சியாக அலமாரியில் இருக்கிறது. எனவே இந்த வாரம் அவரையே கூண்டில் ஏற்றுவோம்.

முதலில் அந்த நான்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ல் மனித வகைகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். மனசு நான்கு வேலை செய்கிறது என்பது அவர் கணக்கு. விஷயத்தை உள்ளே வாங்குவதற்கு இரண்டு: கண், காது, கை என்று புலன்களால் வாங்குவது ஒன்று, உள்ளுணர்வால் பிடிப்பது இன்னொன்று. வாங்கியதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இரண்டு: சிந்தனை, உணர்வு. இந்த நான்கும் வெளி உலகத்தைப் பார்த்தபடி நடக்கலாம், உள்ளுக்குள் திரும்பியும் நடக்கலாம். ஆக மொத்தம் எட்டு.

இங்கே ஒரு சொல்லில் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ‘ஃபீலிங்’ என்று யுங் சொன்னது அழுகையை அல்ல, கோபத்தை அல்ல. இது எனக்கு வேண்டியதா வேண்டாததா, நல்லதா கெட்டதா, மதிப்புள்ளதா இல்லையா என்று எடைபோடும் வேலையை. சிந்தனையைப் போலவே அதுவும் ஒரு தீர்ப்பு முறை. யுங் இரண்டையுமே அறிவார்ந்த வேலைகள் என்றுதான் வகுத்தார். அதனால் ‘என் டைப்பில் டி இருக்கிறது, எஃப் இல்லை, ஆகவே எனக்கு உணர்ச்சி கிடையாது’ என்ற வாதம் முதல் படியிலேயே சறுக்குகிறது.

யுங்கின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் ஒரு அம்மாவும் மகளும். அம்மா கேத்தரின் பிரிக்ஸ், மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். எம்.பி.டி.ஐ. என்ற கேள்வித்தாளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இசபெல் உருவாக்கத் தொடங்கினார். 1962-ல் அது அச்சாகி வெளிவந்தது. இருவருமே பட்டம் பெற்ற உளவியல் நிபுணர்கள் அல்ல. இசபெல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அவர் துப்பறியும் நாவலாசிரியை! 1920-களின் கடைசியில் ஒரு பத்திரிகைப் போட்டிக்குக் கொலைக் கதை எழுதி அனுப்பினார். எல்லரி குவீன் என்ற புனைபெயரில் எழுதிய இரண்டு கஸின்களின் முதல் நாவலுக்குத்தான் பரிசு என்று முதலில் முடிவாகியிருந்தது. பத்திரிகை கைமாறியதும் பரிசும் கைமாறி இசபெல்லுக்குப் போய்விட்டது. மனிதர்களைப் பதினாறு பெட்டியில் அடுக்கியவர், அதற்கு முன்பு சந்தேக நபர்களை ஒரு வீட்டுக்குள் அடுக்கி வைத்து ‘இவர்களில் யார்?’ என்று கேட்டவர். எனக்கென்னவோ இது தற்செயலாகத் தெரியவில்லை.

ஆராய்ச்சி செய்யும் உளவியலாளர்களுக்கு இந்த டெஸ்டின் மேல் பெரிய மரியாதை கிடையாது. அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு டைப் வருவது சாதாரணம். ஆட்களைப் பார்த்துச் சீட்டு ஒட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று யுங்கே சலித்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் ஏன் ஹோம்ஸை இதில் போட்டுப் பார்க்க வேண்டும்? விடைக்காக அல்ல. இப்படிக் கேட்டால் அவரைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது, அதற்காக.

ஹோம்ஸ் ரசிகர்களின் பெரிய சண்டை ஐ.என்.டி.ஜே.வா, ஐ.என்.டி.பி.யா என்பது. கடைசி எழுத்து ஒன்றுதானே வித்தியாசம், இதற்கா சண்டை என்று தோன்றும். ஆனால் உள்ளே போனால் ஒன்றுகூடப் பொது கிடையாது. இந்தக் கணக்கில் ஒவ்வொரு டைப்புக்கும் எட்டு வேலைகளில் நான்கு, முன்னும் பின்னுமாக ஒரு வரிசையில் நிற்கும். ஐ.என்.டி.ஜே.வுக்கு முதலில் நிற்பது உள்நோக்கிய உள்ளுணர்வு. பிறகு வெளிநோக்கிய சிந்தனை, உள்நோக்கிய உணர்வு, கடைசியில் வெளிநோக்கிய புலன். ஐ.என்.டி.பி.க்கு முதலில் உள்நோக்கிய சிந்தனை. பிறகு வெளிநோக்கிய உள்ளுணர்வு, உள்நோக்கிய புலன், கடைசியில் வெளிநோக்கிய உணர்வு. எல்லாமே திசை மாறிப் போயின. பக்கத்து வீடு என்று நினைத்துக் கதவைத் தட்டினால் வேறு ஊர்.

ஆகவே ஹோம்ஸ் என்ன செய்தார் என்று பார்த்தால் போதாது. எப்படிச் செய்தார், எது முந்தி வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதல் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். 1887-ல் வந்த முதல் நாவலில், வாட்சனைக் கைகுலுக்கிய மாத்திரத்தில் ‘ஆப்கானிஸ்தானில் இருந்து வருகிறீர்கள்’ என்கிறார். எப்படித் தெரிந்தது என்று பிறகுதான் விளக்குகிறார். டாக்டர் தோரணை, ராணுவ நடை, வெயிலில் கறுத்த முகம், ஆனால் மணிக்கட்டில் வெளுப்பு, வாடிய கன்னம், விறைப்பாகப் பிடித்திருக்கும் இடது கை. இத்தனையும் சொல்லிவிட்டு, பழக்கத்தினால் யோசனை அவ்வளவு வேகமாக ஓடியது, நடுவிலுள்ள படிகள் தன் கவனத்துக்கே வரவில்லை, ஆனால் படிகள் இருந்தன என்கிறார்.

ஐ.என்.டி.ஜே. கட்சிக்கு இது அல்வா. ‘பார்த்தீர்களா, விடை முந்தி வருகிறது, காரணம் பிந்தி வருகிறது. இதுதான் உள்ளுணர்வு’ என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. பழைய தையல்காரர் ஆள் கடைக்குள் நுழையும்போதே ‘நாற்பத்திரண்டு’ என்று மனசுக்குள் குறித்துக்கொள்வார். அவருக்கு ஞான திருஷ்டியா? ஆயிரம் தோள்களை அளந்த கண். படிகள் இல்லாமல் போகவில்லை, தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. கேட்டால் ஒவ்வொரு படியையும் ஹோம்ஸால் திரும்ப இறங்கிக் காட்ட முடிகிறது. உள்ளுணர்வை நம்பி வாழ்பவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். ‘தோணிச்சு’ என்பதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

இன்னொரு பெரிய இடைஞ்சல், புலன். ஐ.என்.டி.ஜே. என்றால் கண்முன் இருக்கும் உலகத்தைத் தொட்டுத் தடவிப் பார்க்கும் வேலை வரிசையில் கடைசி. சட்டையில் கறி கொட்டியிருப்பதைக் கவனிக்காமல் எதிர்காலத் திட்டம் போடும் ஆள். ஹோம்ஸா அது? பேக்கர் தெரு வீட்டு மாடிப்படி பதினேழு என்று எண்ணி வைத்திருப்பவர், நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியவர். பாஸ்கோம் பள்ளத்தாக்குக் கதையில் குளக்கரை ஈரத்தில் குப்புறப்படுத்து லென்ஸோடு தேடும்போது, முகம் சிவந்து, நரம்பு புடைத்து, மோப்பம் பிடித்த வேட்டை நாயாகவே மாறிவிட்டதாக வாட்சன் எழுதுகிறார். குத்துச்சண்டை, கத்திச் சண்டை, வயலின், மாறுவேடம் எல்லாம் உடம்பின் வித்தைகள். கடைசி இடத்தில் நிற்கும் வேலையை ஒருவர் இவ்வளவு கொண்டாட்டமாகச் செய்ய முடியாது.

அதனால் என் ஓட்டு, அதிகம் பேர் நிற்காத மூன்றாவது கட்சிக்கு: ஐ.எஸ்.டி.பி. முதலில் உள்நோக்கிய சிந்தனை, ‘இது ஒன்றோடொன்று பொருந்துகிறதா’ என்று தனக்குள்ளேயே அடித்துத் திருத்திப் பார்ப்பது. இரண்டாவது வெளிநோக்கிய புலன். மூன்றாவது உள்ளுணர்வு. கடைசியில் வெளிநோக்கிய உணர்வு, அதாவது எதிரில் இருப்பவர் மனசு என்ன பாடுபடும் என்று உணர்ந்து அதற்கேற்ப நடப்பது. பூமி சூரியனைச் சுற்றுகிறதா நிலாவைச் சுற்றுகிறதா, என் தொழிலுக்கு அதனால் என்ன என்று ஹோம்ஸ் கேட்கிறார் இல்லையா? அண்டத்துக்கே ஒரு தத்துவம் தேடும் ஐ.என்.டி.பி. அப்படிக் கேட்க மாட்டார். ஒரு மெக்கானிக்தான் கேட்பார். துப்புத் துலங்கியதும் பெயரை ஸ்காட்லாந்து யார்டுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்குவதும் அந்த மெக்கானிக் புத்திதான். வண்டி ஓடிவிட்டது, அது போதும்.

அண்ணன் மைக்ராஃப்டைப் பக்கத்தில் நிறுத்தினால் இன்னும் தெளிவாகும் என்று நினைத்தேன். ஏழு வயது மூத்தவர். தம்பியைவிடக் கெட்டிக்காரர் என்று தம்பியே ஒப்புக்கொள்கிறார். ஆனால் சொன்னது சரி என்று நிரூபிக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அதைவிடத் தப்பு என்றே எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்பவர். சிந்தனை உண்டு, புலன் இல்லை என்று சுலபமாக எழுதிவிடலாம். ஆனால் கதை விடவில்லை. க்ளப் ஜன்னலோரம் அண்ணனும் தம்பியும் தெருவில் போகிற ஒரு ஆளைப் பார்த்துப் போட்டிபோட்டு விவரம் சொல்கிறார்கள். மனைவியை இழந்தவர் என்கிறார் மைக்ராஃப்ட், குழந்தை ஒன்று இருக்கிறது என்கிறார் ஷெர்லக். ‘குழந்தைகள்’ என்று திருத்துகிறார் மைக்ராஃப்ட். அந்த ஆளின் கையில் கிலுகிலுப்பையும் இருக்கிறது, படப் புத்தகமும் இருக்கிறது. ஆக அண்ணன் கண்ணும் சளைத்ததில்லை. திறமை இருப்பது வேறு, அதில் ருசி இருப்பது வேறு. டெஸ்ட் வைப்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

என் கட்சிக்கு எதிரான பலமான சாட்சியையும் மறைக்கக் கூடாது. ‘அபே கிரேஞ்ச்’ கதையில் கொலையாளி யார் என்று கண்டுபிடித்த பிறகு ஹோம்ஸ் அவரைப் போலீஸில் ஒப்படைப்பதில்லை. மனைவியைக் கொடுமைப்படுத்திய கணவனைச் சண்டையில் கொன்ற மாலுமி அவர். வாட்சனை ஜூரியாக உட்காரவைத்து, தானே நீதிபதியாகி, விடுதலை என்று அனுப்பிவிடுகிறார். ‘நீலக் கார்பங்கிள்’ கதையிலும் கிறிஸ்துமஸ் நேரத்தில் திருடனைக் கதவைத் திறந்துவிட்டு ஓடச் சொல்கிறார். ஊர்ச் சட்டம் என்ன சொன்னாலும் என் மனசாட்சிக் கணக்கு தனி என்பது உள்நோக்கிய உணர்வு. ஐ.என்.டி.ஜே.வின் வரிசையில் மூன்றாவதாக நிற்பது அது. என் ஐ.எஸ்.டி.பி. வரிசையில் அதற்கு இடமே இல்லை. இந்த இரண்டு கதைகளையும் யாராவது என் முன் வைத்தால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

ஆனால் எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்று மாறாது. ஐ.என்.டி.ஜே. என்றால் உணர்வு மூன்றாம் இடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டு என்றால் நான்காம் இடத்தில் இருக்கிறது. இல்லாத டைப் பதினாறில் ஒன்றுகூட இல்லை. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடக்கை இல்லாமலா போகிறது? எழுதச் சொன்னால் கோணல்மாணலாக வரும், அவ்வளவுதான். அந்தக் கோணலான கையெழுத்தைக் காட்டும் இரண்டு இடங்கள் ஹோம்ஸ் கதைகளில் உண்டு.

ஒன்று, அவர் திரும்பி வரும் கதை. ரைக்கன்பாக் அருவியில் விழுந்து செத்துவிட்டதாக மூன்று வருடம் வாட்சனை நம்பவிட்டு, ஒரு நாள் கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தில் அவர் அறைக்குள் வந்து சட்டென்று வேஷத்தைக் கலைக்கிறார். வாட்சன் மயங்கி விழுகிறார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. ஹோம்ஸ் நிஜமாகவே திகைத்துப்போகிறார். நீங்கள் இவ்வளவு பாதிக்கப்படுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்கிறார். மன்னிப்பும் கேட்கிறார். மணிக்கட்டு வெளுப்பை வைத்து ஒருவர் ஜாதகத்தையே சொல்பவருக்கு, இருக்கும் ஒரே நண்பனின் துக்கம் கண்ணில் படவில்லை. அன்பு இல்லாததாலா? அந்தப் பக்கம் பார்க்கும் கண் பழகாததால்.

இரண்டாவது, 1924-ல் வந்த ‘மூன்று காரிடெப்’ கதை. ஒரு குற்றவாளி சுட்டதில் வாட்சனின் தொடையில் காயம். ஹோம்ஸ் அவரைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறார். எப்போதும் இறுகியிருக்கும் உதடு நடுங்குகிறது, கண் ஒரு கணம் மங்குகிறது. பேனாக்கத்தியால் பேண்ட்டைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். மேலோட்டமான காயம்தான் என்று தெரிந்ததும் பெருமூச்சு. பிறகு சுட்டவன் பக்கம் திரும்பி, வாட்சன் மட்டும் செத்திருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்கிறார். இத்தனை வருடப் பணிவிடைக்கு அந்த ஒரு கணம் போதும் என்கிற மாதிரி எழுதுகிறார் வாட்சன். படிக்கும்போது எனக்கு வாட்சன் மேல் கொஞ்சம் கோபம்கூட வரும். இவ்வளவு மலிவாகவா திருப்திப்படுவது?

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி. பதினாறாம் நாள் மகள் லேப்டாப்பில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டீர்களா? ஆபீஸ் வேலையாக இருக்கலாம், பாட்டி படமாகவும் இருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தடயம் கைக்கு வருமுன் முடிவு கட்டுவதுதான் ஹோம்ஸுக்குப் பிடிக்கவே பிடிக்காத காரியம். ‘ஏன் அழவில்லை’ என்று விசாரிக்காமல், ‘பாட்டி போனதில் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிறது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். சிந்தனை முந்தி நிற்பவர்களுக்கு அப்படிக் கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் சுலபம். மகளுக்கும் ஒன்று: டைப்பைக் காரணமாகச் சொல்வதானால் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லம்மா. மூன்றாவது இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்.

சரி, இந்த வழக்கில் இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. இதுவரை நாம் டைப் பார்த்தது ஹோம்ஸையா, வாட்சன் சொன்ன ஹோம்ஸையா? பழகிய ஆரம்பத்தில் வாட்சன் ஒரு பட்டியல் போடுகிறார்: இலக்கியம் பூஜ்யம், தத்துவம் பூஜ்யம், வானியல் பூஜ்யம், ரசாயனம் அபாரம். இணையத்தில் டைப் பார்ப்பவர்கள் பாதிப் பேர் இந்தப் பட்டியலைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அதே ஹோம்ஸ் பிற்பாடு கதைக்குக் கதை கதே, ஹாஃபிஸ், ஃப்ளாபேர் என்று பேசுகிறார். மைக்ராஃப்ட் அறிமுகமாகும் கதையின் தொடக்கத்தில், பூமியின் சாய்வு ஏன் மாறுகிறது என்பது வரை பேச்சு போகிறது. வானியல் பூஜ்யமாம்! வாட்சன் போட்டது பழக ஆரம்பித்த சில வாரத்தில் போட்ட பட்டியல். வீட்டில் ‘இவன் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்’ என்று நாம் போட்டு வைத்திருக்கும் பட்டியல்களுக்கும் தேதி பார்ப்பது நல்லது.

ஹோம்ஸ் தன் கதையைத் தானே சொல்வது இரண்டே கதைகளில். அதில் ஒன்று 1926-ல் வந்த ‘சிங்கத்தின் பிடரி’. ஓய்வுபெற்று, சசெக்ஸ் கடலோரத்தில் தேனீ வளர்த்துக்கொண்டு இருக்கிறார். வாட்சன் பக்கத்தில் இல்லை. கடலில் குளிக்கப் போன ஒருவர் மர்மமாகச் சாகிறார். எங்கேயோ இதைப் பற்றிப் படித்திருக்கிறோமே என்று ஹோம்ஸுக்கு நெருடுகிறது, பிடிபடவில்லை. மூளை ஒரு பரண், அதில் வேண்டாத சாமானை ஏற்றக் கூடாது, தேவையானதை ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும் என்று முதல் நாவலில் வாட்சனுக்குப் பாடம் எடுத்தவர்தான். இங்கே, தன் தலைக்குள் ஒழுங்கில்லாமல் என்னென்னவோ குவிந்து கிடக்கிறது, என்ன இருக்கிறதென்று தனக்கே அரைகுறையாகத்தான் தெரியும் என்கிறார். பிறகு நிஜப் பரணுக்கே ஏறுகிறார். வீடு முழுக்கச் சேர்ந்த புத்தகங்கள் அங்கே திணித்துக் கிடக்கின்றன. ஒரு மணி நேரம் கிளறிவிட்டு, சாக்லேட் நிறத்தில் வெள்ளி எழுத்துப் போட்ட ஒரு சின்னப் புத்தகத்தோடு இறங்கி வருகிறார்.